பத்து மீற்றர் காற்று

அந்தக் கோப்பு என் கைபேசிக்கு வந்தபோது நான் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தேன்.

மாத்தளை நகரில் மிளகு, கராம்பு, ஏலக்காய் வாங்கி ஏற்றுமதிக்காரர்களுக்கு அனுப்பும் ஒரு ஸ்டோரில் எனக்கு வேலை. வந்த மூட்டை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு லீற்றர் மிளகை அளந்தெடுத்து நிறை பார்ப்பேன், ஈரம் பார்ப்பேன், எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, எந்தப் பக்கத்து மிளகு எந்த மாதத்தில் எப்படி இருந்தது என்று வரைபடம் போட்டுக் கொடுப்பேன். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்துவிட்டு மிளகு நிறுக்கிறாளே என்று சொந்தக்காரர்கள் குறைப்படுவதுண்டு. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வீடு இரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகளில் ஒன்று. கடலை அதுவரை மூன்று தடவைதான் பார்த்திருந்தேன். மூன்று தடவையும் முழங்கால் அளவுக்கு மேல் இறங்கியதில்லை.

கோப்பை அனுப்பியவள் பல்கலைக்கழக விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த சிநேகிதி. திருகோணமலைக்காரி. கடலியல் படித்துவிட்டு, கொட்டியாரக் குடாவின் நீரை அளக்கும் ஓர் ஆய்வுக் குழுவில் உதவியாளராக இருந்தாள். கோப்போடு ஒரு குரல் பதிவும் வந்தது.

"எடியே, நீ அந்த ஆர் எண்ட மென்பொருளிலதானே மிளகுக்குப் படம் கீறுறனீ? இதையும் ஒருக்காப் பார். எங்கட கருவியோட வந்த புரோக்ராம் செத்துப் போச்சு. வெறும் எழுத்தாத்தான் இறக்க முடியுது. இதைக் கடல் பொருளா மாத்தோணும். இப்பிடி நாப்பத்தி மூண்டு கோப்பு கிடக்கு."

ஆர் என்பது புள்ளியியலாளர்கள் பயன்படுத்தும் மென்பொருள். கடலியலாளர்களுக்கென்றே அதில் தனியாக ஒரு தொகுப்பு எழுதிவைத்திருக்கிறார்கள். சாதாரண அட்டவணைக்குத் தன்னிடம் எண்கள் இருப்பது மட்டும்தான் தெரியும். அது மிளகின் நிறையா, கடலின் ஆழமா என்று தெரியாது. அதே எண்களை அந்தத் தொகுப்பு கேட்கிற விதத்தில் கொடுத்தால், இது அழுத்தம், இது வெப்பநிலை, இது தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்ற அளவு, அளந்த இடம் இது என்று எல்லாவற்றையும் அறிந்த ஒன்றாக அது மாறிவிடும். அப்படி மாறியதைத்தான் பொருள் என்கிறார்கள். பிறகு 'வரை' என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும். உப்பளவு, அடர்த்தி, இடம் எல்லாவற்றையும் தானே கணக்கிட்டுக் கடலை மேலிருந்து கீழாகப் படமாக வரைந்துவிடும்.

இதையெல்லாம் அன்றைக்குப் பகல் சாப்பாட்டு நேரத்தில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். சோற்றுப் பார்சலைப் பிரிக்கவே இல்லை.

"மகள், இது மிளகு இல்லையே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஸ்டோர் முதலாளி. ஊரில் எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இல்லைங்க ஹாஜியார். கடலுங்க."

"கடலா?" மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். "நாவுலயில இருந்து வந்த மூட்டை எல்லாம் பாத்து முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிருச்சுங்க."

"அப்ப பாருங்க. என்னண்டு எனக்கும் சொல்லுங்க."

முதல் தடவை மாற்றியபோது கிடைத்தது கடலே இல்லை. உப்பளவு என்று கணினி சொன்ன எண்ணைப் பார்த்தால் தண்ணீரில் உப்பு இருக்கவில்லை, உப்பில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. போதாதற்கு, அளந்த இடத்தைக் காட்டும் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி தரையில் விழுந்திருந்தது. கந்தளாய்க்கும் சேருவிலவுக்கும் நடுவில், வயல்வெளியில்.

ஹாஜியார் அந்தப் புள்ளியையே உற்றுப் பார்த்தார். "படகை வயலுக்குள்ள விட்டாங்களா?"

சிரிப்பு வந்தது. கூடவே உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு. எங்கேயோ இரண்டு தப்பு இருக்கிறது, இரண்டையும் கண்டுபிடிக்கலாம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மிளகில் இப்படி நடப்பதில்லை. மிளகு தப்பாக இருந்தால் மிளகே தப்பு, அவ்வளவுதான்.

முதல் தப்பு சீக்கிரமே பிடிபட்டது. மின்கடத்தலுக்கான நிரலில் ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று என்று எண்கள் இருந்தன. அலகு எழுதியிருக்கவில்லை. நான் ஒன்றும் சொல்லாததால், இது சாதாரணக் கடல்நீரைப் போல எத்தனை மடங்கு என்று மென்பொருள் எடுத்துக்கொண்டிருந்தது. ஐம்பத்திரண்டு மடங்கு கடத்தும் கடல் உலகத்தில் எங்கும் இல்லை. கருவியின் கையேட்டை இணையத்தில் தேடியெடுத்து, அது அளக்கும் அலகைப் பார்த்து, அதைக் கட்டளையில் சேர்த்தேன். உப்பளவு சட்டென்று முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு என்று வந்து நின்றது. கிழக்குக் கரைக்கு அதுதான் சரியான அளவு.

இரண்டாவதற்குச் சிநேகிதியை அழைத்தேன்.

"உங்க படகு வயலுக்குள்ள நிக்குதுடி."

"என்ன வயல்?"

"எட்டு புள்ளி முப்பத்திரண்டுன்னு எழுதியிருக்கீங்க. அந்த எடம் தரைங்கிறேன்."

மறுமுனையில் தாளைப் புரட்டும் சத்தம். பிறகு அவள் சிரிக்கத் தொடங்கினாள். "அது புள்ளி இல்லையடி. படகுக்கார அண்ணா ஜிபிஎஸ்ஸில கண்டதை அப்பிடியே எழுதிப்போட்டார். எட்டுப் பாகை, முப்பத்திரண்டு கலை."

ஒரு பாகைக்கு அறுபது கலை. முப்பத்திரண்டை அறுபதால் வகுத்து மறுபடி ஓட்டினேன். சிவப்புப் புள்ளி வயலிலிருந்து எழுந்து குடாவின் வாய்க்குள், நீலத்துக்குள் போய் உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் வெப்பநிலைக் கோடு மேலே நேராக நின்று, ஓர் இடத்தில் சரிந்து, குளிருக்குள் இறங்கிப்போனது. இரண்டாயிரம் எண்கள் கடலாக மாறுவதை என் கண்ணால் பார்த்தேன். எழுந்து நின்று கையைத் தட்டிவிட்டேன். மூட்டை தைத்துக்கொண்டிருந்த அக்காமார் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அந்த வாரமே நாற்பத்துமூன்று கோப்புகளையும் மாற்றி அனுப்பினேன். ஒரே கட்டளைத் தொகுதியில் எல்லாவற்றையும் ஓட்டி, படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுவதைப் பார்ப்பது அடுப்பில் பொரிகிற அப்பளத்தைப் பார்ப்பதுபோல இருந்தது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சிநேகிதி அழைத்தாள். குரல் இறங்கியிருந்தது.

"மேடம் பாத்தவ. நல்லா இருக்கெண்டுதான் சொன்னவ. ஆனா எங்களுக்கு உதவாதாம்."

மேடம் என்றது குழுவின் தலைவியை. கடலியலில் பேர்பெற்றவர். லேசில் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று சிநேகிதி முன்பே சொல்லியிருந்தாள்.

"ஏன் உதவாது?"

"மேல பத்து மீற்றர் இல்லையடி. எல்லாப் படமும் பத்து மீற்றர் ஆழத்திலதான் தொடங்குது. ஆத்துத் தண்ணி கடலுக்கு மேல எவ்வளவு தடிப்பா மிதக்குது எண்டு பாக்கத்தான் இவ்வளவும் செய்தது. அது மேல் பத்து மீற்றருக்குள்ளதான் இருக்கும்."

நான் கோப்பைத் திறந்தேன். உண்மைதான். அழுத்தத்தின் முதல் எண்ணே பத்து புள்ளி ஒன்று. கடலில் அழுத்தம் ஏறக்குறைய மீற்றருக்கு ஒன்று வீதம் ஏறும். எனவே கருவி பத்து மீற்றர் ஆழத்தில் இருந்தபடிதான் எழுதத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். ஆனால் அந்த முதல் வரிகளில் மின்கடத்தல் பூச்சியம். கடல்நீருக்குள் இருக்கும் கருவி பூச்சியம் காட்டாது.

"கருவி அப்ப தண்ணிக்குள்ளயே போகல" என்றேன். "படகுத் தட்டுல வச்சிருக்காங்க. காத்துல இருந்துச்சு."

"காத்தில இருந்தா அழுத்தம் பூச்சியமெல்லோ காட்டோணும்? பத்து எப்பிடி வரும்? அதைத்தான் மேடமும் சொல்லுறா. அழுத்தம் அளக்கிற பகுதி பழுதாம். பத்தில இறுகிப் போச்சாம். எவ்வளவு பிழை எண்டு தெரியாம நாங்கள் கழிக்க ஏலாதாம். வாற கிழமை கருவியைத் திருத்தக் கண்டிக்குக் கொண்டுபோறன்."

நாற்பத்துமூன்று நாள் அவள் அந்தப் படகில் போய்வந்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் வாந்தி எடுத்தாளாம். அதைச் சொன்னபோது அவளுடைய குரல் உடைந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சீனி வாங்கிவரச் சொல்லி, எங்கள் லயத்துக்கு மேலே, தோட்டத்தின் அடுத்த டிவிஷனில் இருக்கும் கடைக்கு அனுப்பினார். கடையில் மிக்சர் பைக்கற்றுகளைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாம் ஊதிப் புடைத்து, குத்தினால் வெடிக்கும்போல இருந்தன. எங்கள் பக்கம் அது எப்போதும் அப்படித்தான். கொழும்பில் அடைத்த பைக்கற்று மலைக்கு வந்தால் ஊதிக்கொள்ளும். கீழே காற்றின் பாரம் அதிகம், மேலே குறைவு. சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்த விஷயம்.

சீனிக்குக் காசு கொடுக்கக் கை நீட்டியபடியே நின்றுவிட்டேன். காற்றுக்குப் பாரம் இருக்கிறது. கடல் மட்டத்தில் நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று முழுவதும் சேர்ந்து அழுத்தும் அளவு எவ்வளவு? பாடசாலையில் படித்ததுதான். பத்து மீற்றர் தண்ணீர் அழுத்தும் அளவு. பத்து புள்ளி ஒன்று.

கருவி பழுதில்லை. அது தண்ணீரை மட்டுமல்ல, காற்றையும் சேர்த்து நிறுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பத்து மீற்றர் காணாமல் போகவில்லை. படங்களை அப்படியே பத்து மீற்றர் மேலே தூக்கினால் போதும், கடலின் மேற்பரப்பு சரியான இடத்துக்கு வந்துவிடும்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா வாசலில் நின்றார். "சீனி எங்கடி?" என்று கேட்டார். சீனியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

சிநேகிதிக்குச் சொன்னேன். அவள் மேடத்திடம் சொன்னாள். இருக்கலாம், ஆனால் பழுதான கருவியும் தற்செயலாகப் பத்துக் காட்டலாம், நிரூபிக்காமல் கழிக்க விடமாட்டேன் என்று மேடம் சொல்லிவிட்டாராம். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தபோது அவர் கேட்டது சரியென்று பட்டது. மிளகு ஈரம் என்று ஒருவர் சொன்னதற்காக நானும் எடுத்த எடுப்பில் ஒரு கிலோவைக் கழிக்க மாட்டேன்.

"நீ கருவியக் கண்டிக்குத்தானே கொண்டு போற?" என்றேன். "திருகோணமலை பஸ்ஸு மாத்தளை வழியாத்தான் போகும். மாத்தளையில எறங்கு. நாம அத ரிவர்ஸ்டனுக்குக் கொண்டுபோவோம்."

"கடல் கருவியை மலைக்கா?"

"பத்துல இறுகிப்போன கருவின்னா மலைக்குப் போனாலும் பத்துதான் காட்டும். காத்த நிறுக்கிற கருவின்னா ஏற ஏறக் கொறையும். எந்த எடத்துல எவ்வளவு கொறையணும்னு நான் முன்னாடியே கணக்குப் போட்டு எழுதி வைக்கிறேன்."

ஹாஜியாரிடம் ஒரு நாள் லீவு கேட்கப் போனேன். விஷயத்தை முழுதாகக் கேட்டார். பிறகு, "லீவெல்லாம் வாணாம். ரிவர்ஸ்டனுக்கு அங்கால எனக்கு ஏலக்காய் பாக்கப் போற வேலையொண்டு ஈக்கி. வேன்ல போவம்" என்றார். அந்த ஏலக்காய் வேலை அந்த நிமிடத்தில் பிறந்ததோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

மாத்தளை பஸ் நிலையத்தில் சிநேகிதி இறங்கியபோது கையில் ஒரு பெரிய கட்டம்போட்ட பை. உள்ளே துவாய்க்குள் சுற்றியபடி, முழங்கை நீளத்தில் ஓர் உலோக உருளை. முன்முனையில் சின்னக் கம்பிக் கூடு.

"நாவுலயில இருந்து கொண்டக்டர் இதையே பாத்துக்கொண்டு வந்தவர்" என்றாள். "'மேக்க மொக்கத்த', இது என்ன எண்டு கேட்டார். கடல் அளக்கிற சாமான் எண்டு சிங்களத்தில சொன்னன். அப்ப ஏன் மலைக்குப் போற பஸ்ஸில ஏத்தினீங்கள் எண்டு கேட்டார். எனக்கும் மறுமொழி தெரியேல்லை."

பஸ் நிலையத்து வாங்கில் உட்கார்ந்தபடியே கருவியை இயக்கினோம். அன்று காலை திருகோணமலையில் புறப்படுமுன்பும் கொஞ்ச நேரம் அதைப் பதியவிட்டிருந்தாள். கருவிக்குத் திரை கிடையாது. உள்ளே பதிந்துகொண்டே போகும். பிறகு கம்பி போட்டுக் கணினியில் இறக்கினால்தான் என்ன எழுதியது என்று தெரியும். அதனால் மலையேறும்வரை எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

நான் ஒரு தாளை ஹாஜியாரிடம் கொடுத்தேன். திருகோணமலை, மாத்தளை பஸ் நிலையம், இரத்தோட்டைச் சந்தி, ரிவர்ஸ்டன் உச்சி. ஒவ்வொன்றின் உயரத்தையும் வரைபடத்தில் பார்த்து, அங்கே காற்றின் அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு எழுதியிருந்தேன். "பாக்காம சட்டைப் பையில வச்சுக்குங்க. கருவி சொன்னதுக்குப் பொறகு எடுங்க."

அவர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இரத்தோட்டைச் சந்தியில் பத்து நிமிடம் நிறுத்தினோம். அம்மா அங்கே ரொட்டியும் சம்பலும் கட்டி எடுத்துக்கொண்டு வந்து நின்றார். வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, என் சிநேகிதியிடம், "இதத்தான் தெனமும் கடலுக்குள்ள போடுறீங்களா, தங்கச்சி? நீஞ்சத் தெரியுமா ஒங்களுக்கு?" என்று கேட்டார். தெரியும் என்று அவள் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அவளுக்கென்று ஒரு ரொட்டியைக் கூடுதலாக வைத்தார்.

பிறகு ஏற்றம். வளைவு வளைவாக ரோடு. தேயிலை முடிந்து காடு தொடங்கியது. எனக்கும் சிநேகிதிக்கும் நடுவே ஆசனத்தில் கருவி படுத்திருந்தது. வளைவுகளில் உருளாமல் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டோம். இரண்டு பேர் காதும் ஒரே நேரத்தில் அடைத்தது. எச்சில் விழுங்கிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் காதுக்கே தெரிகிறது என்றால் அதற்குத் தெரியாமலா இருக்கும்?

உச்சியில் மூடுபனி. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. காற்று வேனையே ஆட்டியது. ஹாஜியார் ஒரு பக்கமாக ஒதுக்கி நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றினார். பத்து நிமிடம் காத்திருந்து, கருவியை நிறுத்தி, மடியில் மடிக்கணினியை வைத்துக் கம்பியைச் செருகினேன். கோப்பு இறங்க இரண்டு நிமிடம் ஆனது. வெளியே காற்றின் இரைச்சல் மட்டும்.

அழுத்தத்தை நேரத்துக்கு எதிராக வரையச் சொன்னேன்.

கோடு படியிறங்கியது. மேலே திருகோணமலையில் ஒரு படி, அதற்குக் கீழே மாத்தளையில் ஒரு படி, அதற்குக் கீழே இரத்தோட்டைச் சந்தியில் ஒரு படி, அங்கிருந்து வளைவு வளைவாகச் சரிந்து உச்சியில் இன்னொரு படி.

"குறையுது" என்றாள் சிநேகிதி, என் தோளைப் பிடித்தபடி. "குறையுதடி."

"எண்ணச் சொல்லுங்க" என்றார் ஹாஜியார். தாளை எடுத்து விரித்திருந்தார்.

"திருகோணமலை, பத்து புள்ளி ஒன்னு."

"பத்து புள்ளி ஒண்டு. ஈக்கி."

"மாத்தளை, ஒம்பது புள்ளி ஏழு."

"ஒம்பது புள்ளி ஏழு. சரி."

"இரத்தோட்டை, ஒம்பது புள்ளி அஞ்சு."

"இங்க ஆறு போட்டீக்கி."

மறுபடி திரைக்குக் குனிந்தேன். கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்பது புள்ளி ஐந்து ஏழு. நான் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு வாசித்திருந்தேன்; தாளிலோ கிட்டிய முதல் தசமத்துக்குச் சுருக்கி எழுதியிருந்தேன். "அஞ்சு ஏழுங்க. ஆறுதான்."

"அப்ப கடைசி."

"எட்டு புள்ளி எட்டு."

ஹாஜியார் தாளைத் திருப்பி எங்களிடம் காட்டினார். எட்டு புள்ளி எட்டு. என் கையெழுத்து.

சிநேகிதி வேன் கதவைத் திறந்துகொண்டு வெளியே குதித்தாள். பனிக்குள் நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினாள். என்ன கத்தினாள் என்று காற்று கேட்கவிடவில்லை. நானும் இறங்கினேன். திருகோணமலை வெயிலில் வளர்ந்த அவளுக்குப் பல்லெல்லாம் கிடுகிடுத்தது. அப்படியே சிரித்துக்கொண்டும் இருந்தாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். காலில் அட்டை ஏறியதைப் பிறகுதான் பார்த்தோம்.

உள்ளே வந்ததும், விளையாட்டாக, அந்த மலைப் பயணத்தையும் கடல் பொருளாக மாற்றினேன். ரிவர்ஸ்டனின் இடத்தைக் கொடுத்து, கடல்மட்டக் காற்றின் பத்து புள்ளி ஒன்றைக் கழித்து, வரையச் சொன்னேன். மென்பொருள் மறுப்பேதும் சொல்லாமல் எங்கள் மலையைக் கடலாக எடுத்துக்கொண்டது. ஆழம், கழித்தல் ஒன்று புள்ளி மூன்று.

"உப்பு எவ்வளவாம்?" என்று கேட்டார் ஹாஜியார்.

"பூச்சியங்க."

"அப்ப நல்ல தண்ணி" என்றார் திருப்தியோடு.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. ரொட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, நாற்பத்துமூன்று கடல் கோப்புகளையும் காற்றைக் கழித்து மறுபடி ஓட்டினேன். முதல் படம் வந்தது. கோடு இப்போது பூச்சியத்தில், கடலின் மேற்பரப்பில் தொடங்கியது. அங்கே உப்பளவுக் கோடு இடது பக்கமாக வளைந்து கிடந்தது. மேலே சில மீற்றர்களுக்கு உப்புக் குறைந்த தண்ணீர், அதற்குக் கீழே சட்டென்று கடல்.

சிநேகிதி வாயில் வைத்த ரொட்டியை மென்று முடிக்கவில்லை. "அதுதான்" என்றாள். விரலால் திரையைத் தொட்டாள். "அதுதான் மகாவலி. மழை முடிஞ்ச கையோட அளந்தது. ஆத்துத் தண்ணி வந்து கடலுக்கு மேல படுத்திருக்கு."

"மகாவலியா?" ஹாஜியார் பின்னால் திரும்பினார். "இந்த மலைத் தண்ணியும் அதுலதானே சேருது. எங்கட சுது கங்கை அம்பன் கங்கையில விழுது, அது மகாவலியில விழுது."

"ஓம் ஐயா. மகாவலி எங்கட குடாவிலதான் விழுது."

அவர் வேன் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வெளியே பார்த்தார். பனி கொஞ்சம் விலகி, ரோட்டோரம் பாறையிலிருந்து நீர் சொட்டுவது தெரிந்தது. "சுபஹானல்லாஹ்" என்றார் மெதுவாக. படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, அந்த இடது பக்க வளைவையே கனநேரம் பார்த்தார்.

கீழே இறங்கி சிக்னல் கிடைத்ததும் சிநேகிதி மேடத்தை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான்.

"அளக்கிறதுக்கு முதலே எழுதி வச்சதா, அளந்த பிறகு எழுதினதா?"

"முதலே எழுதினது மேடம். வேற ஆளின்ர பையில இருந்தது."

"அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்புங்க. கருவியையும் சர்வீஸுக்குக் குடுக்கத் தேவையில்லை, திருப்பிக் கொண்டு வாங்க." பிறகு கேட்டார். "அந்த மிளகுப் பிள்ளை பக்கத்தில இருக்கிறாவா? காற்றைக் கழிச்சு எல்லாத்தையும் மறுபடி அனுப்பச் சொல்லுங்க. கட்டளையும் வேணும். அவவின்ர பேரைப் போடோணும்."

சம்பல் கறை படிந்த அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பினோம். அந்தப் பருவத்தின் அறிக்கையில் அது பின்னிணைப்பாக அப்படியே அச்சாகியிருக்கிறது. என் பெயரும் இருக்கிறது. அம்மா அந்த அறிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் காம்பிராவுக்கு எடுத்துப்போய்க் காட்டிவிட்டு வந்தார்.

அதன் பிறகு மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நான் அந்தக் குழுவுக்கு வேலை செய்கிறேன். கோப்புகள் வரும், பொருளாக மாற்றுவேன், எது பிழையென்று தேடுவேன். ஒருமுறை படகிலும் கூட்டிப்போனார்கள். சிநேகிதியைவிட மோசமாக வாந்தி எடுத்தேன். ஆனாலும் கருவி மேலே வந்த கையோடு, நனைந்த கம்பியைச் செருகி, படகின் தட்டிலேயே உட்கார்ந்து அந்தக் கடலை வரைந்து படகுக்கார அண்ணாவிடம் காட்டினேன். கீழே குளிர்ந்த தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துவிட்டு, தூண்டில் கயிறு இனி எத்தனை பாகம் ஆழம் விடவேண்டும் என்று அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

இடது பக்கம் வளைந்த அந்த முதல் படத்தை ஹாஜியார் கேட்டு வாங்கிச் சட்டம் போட்டு ஸ்டோரில் மாட்டியிருக்கிறார். மிளகு கொண்டுவருகிறவர்கள் அது என்னவென்று கேட்பார்கள். "இது திருகோணமலைக் கடல். மேல ஈக்கிறது நம்மட மழை" என்பார். சில பேர் நம்பமாட்டார்கள். அப்போது என்னைக் கூப்பிடுவார். கையிலிருக்கும் மிளகை வைத்துவிட்டுப் போய், முதலிலிருந்து சொல்லத் தொடங்குவேன்.